டாங்கியில் றேஸ் எண்ணெய்: குணங்குறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

போன வைகாசியில் ஒரு தம்பி புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து தன் 150 சிசி பைக்கை லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி, கயிறு கட்டிக் கொண்டுவந்து இறக்கினான். "அண்ணை, காபரேற்றர் பிழை போல. மூண்டு பேர் கழட்டிப் பாத்திட்டினம்" என்றான். மூன்று பேர் கை வைத்த அடையாளம் நன்றாகத் தெரிந்தது. ஸ்குரூத் தலைகள் தேய்ந்திருந்தன. கொயில் புதிது, பிளக் புதிது, வயரிலும் புதிதாக ரேப் சுற்றியிருந்தது. நான் டாங்கி மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன். பெற்றோல் மணக்கவில்லை. ஊசி போட முன்னர் தோலைத் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் மணம்.

"என்ன ஊத்தினனீ?"

கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "றேஸ் எண்ணெய் அண்ணை. பவர் கூடுமெண்டு ஒருத்தன் தந்தவன். மூண்டு லீற்றர்."

அது மெதனோல், நஞ்சான ஒரு வகை மதுசாரம். மூன்று மெக்கானிக்மாரும் வயரைத் தேடினார்கள், காபரேற்றருக்குள் எண்ணெயை அளந்துவிடும் துளையான ஜெட்டை ஊதினார்கள். டாங்கிக்குள் என்ன இருக்கிறதென்று ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்படியான பைக்குகள் இப்போது அடிக்கடி வருகின்றன. இங்கே வன்னியில் மாங்குளத்திலிருந்து பரந்தன்வரை ஏ9 வீதி நேராகக் கிடக்கிறது. பெடியளுக்குக் கை துடிக்கத்தான் செய்யும். அவர்கள் கையில் அகப்படுவது கடையில் வாங்கிய ஒக்டேன் பூஸ்டர் போத்தலாக இருக்கலாம், தெற்கில் நடந்த பந்தயத்தில் மிஞ்சிய கானாக இருக்கலாம், 'பிளேன் பெற்றோல்' என்ற பெயரில் யாரோ விற்ற ஏதோவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் எஞ்சினில் ஒவ்வொரு அடையாளத்தை விட்டுப் போகும். அந்த அடையாளத்திலிருந்து எண்ணெயைக் கண்டுபிடிப்பதுதான் கீழே உள்ள முறை.

ஸ்பானரைத் தொட முன்னர்

பெற்றோல் டப்பைப் பூட்டுங்கள். கிக் அடிக்கவும் வேண்டாம், செல்ஃப் அமத்தவும் வேண்டாம். ஓட்டிய ஆளைக் கூப்பிட்டு எது, எவ்வளவு, எப்போது, எதோடு கலந்தது என்று கேளுங்கள். ஏசாமல் கேட்பது முக்கியம். ஏசினால் பொய்தான் வரும், அந்தப் பொய்யை நம்பி நீங்கள் எஞ்சினைப் பிரிப்பீர்கள்.

பிறகு டாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அளவுக்கோடு போட்ட மருந்துப் போத்தல் ஒன்று போதும், ஆனால் கண்ணாடிபோல உள்ளே தெரிய வேண்டும். முதலில் 10 மில்லி தண்ணீர் விடுங்கள். அதன் மேல் டாங்கியிலிருந்து எடுத்த எண்ணெய் 40 மில்லி. மூடிக் குலுக்கி, மூடியை ஒருதரம் மெல்லத் திறந்து காற்றை விட்டு, பத்து நிமிடம் மேசையில் ஆடாமல் வையுங்கள். வெறும் பெற்றோல் என்றால் தண்ணீர் அடியில் அதே 10 மில்லியாகத் தனியே நிற்கும், கோடு கத்தியால் வெட்டினதுபோல இருக்கும். மெதனோலோ எதனோலோ கலந்திருந்தால் அது பெற்றோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துவிடும், அடித்தட்டு உயரும். அடியில் 18 மில்லி நிற்கிறதென்றால் 40 இல் ஏறக்குறைய 8 மில்லி மதுசாரம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. கோடே விழாமல் முழுவதும் ஒரே தெளிவாக நின்றால் டாங்கியில் இருப்பது பெரும்பாலும் தனி மதுசாரம். பெற்றோல் செட்டில் அடித்த நல்ல பெற்றோலையும் பக்கத்தில் இதேமாதிரி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், கண் பழகும்.

அடுத்தது கடதாசிச் சோதனை. வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டு ஆற விடுங்கள். பெற்றோல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் கொத்துரொட்டி சுற்றிய பேப்பர்போல எண்ணெய்க் கறை மிஞ்சும். நிறத்தையும் கவனியுங்கள். நீல நிறமாக இருந்தால் சிறு விமானங்களுக்கு ஊற்றும் ஈயம் கலந்த பெற்றோலாக இருக்க இடமுண்டு.

இந்த எண்ணெயை எடுக்கும்போது ரியூப்பை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். ஏன் என்பது பின்னால் வருகிறது.

"காலையில ஸ்டார்ட் வருதில்லை"

கிக் அடித்து அடித்துக் கால் நொந்திருக்கும். பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும், தீப்பொறியும் நன்றாக இருக்கும். ஆனாலும் பிடிக்காது.

பெற்றோல் ஒரு தனிப் பொருளல்ல. குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் பகுதி அதில் இருப்பதால்தான் குளிர்ந்த எஞ்சினிலும் பற்றுகிறது. மெதனோல் தனிப் பொருள், 65 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கும். ஆவியாகும்போது அது இழுக்கும் வெப்பமும் ஒரு கிலோவுக்குப் பெற்றோலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. காபரேற்றர் வெளியே வியர்த்துத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். 11 பாகைக்குக் கீழே அதன் ஆவி பற்றவே பற்றாது. வன்னியில் மார்கழி விடியலிலும் அவ்வளவு குளிர் இல்லை, ஆனால் காபரேற்றரின் வாய்க்குள் அந்தக் குளிரை மெதனோல் தானே உண்டாக்கிவிடும். றேஸ்காரர் சிலர் முதலில் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் எடுத்துவிட்டுத்தான் மெதனோலுக்கு விடுவார்கள்.

விமானப் பெற்றோலும் காலையில் மக்கர் பண்ணும். மேலே பறக்கும்போது குழாய்க்குள் ஆவி அடைக்காமலிருக்க அதைக் குறைவாக ஆவியாகும்படி தயாரிக்கிறார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். டாங்கியை வடித்துக் கழுவ வேண்டும், முறை கடைசியில் உண்டு. 'ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்துக் கொண்டுபோகிறேன்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அடுத்த குணங்குறி அந்த ஓட்டத்தில்தான் வரும்.

"ஸ்டார்ட் வருது, த்ரொட்டில் குடுத்தா இருமுது, சூடாகுது"

பிளக்கின் பீங்கான் வெள்ளைவெளேரென்று எலும்புபோல இருக்கும். சைலன்சர் கழுத்து நீலம் பாய்ந்திருக்கும். ஓட்டியவர் 'ஏறவே மாட்டேனெண்டுது' என்பார். எரிக்கிற எண்ணெய் போதாமல் எஞ்சின் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். டாங்கி நிறைய எண்ணெய் இருந்தாலும் இந்தப் பட்டினி வரும்.

ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எதனோலுக்கு 9 கிலோ, மெதனோலுக்கு ஆறரைக்குக் கிட்ட, மொடல் எஞ்சின் எண்ணெயில் வரும் நைத்திரோமெதேனுக்கு 1.7 கிலோ மட்டும். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அளவு மாறுவதில்லை. ஆகவே அதே காற்றுக்கு மெதனோல் இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டும். உங்கள் ஜெட்டின் துளை பெற்றோலுக்கு என்று துளைத்தது. அதற்குள்ளால் போகிற மெதனோல் பாதிக்கும் குறைவு. எஞ்சின் இருமும், காபரேற்றர் வழியே திருப்பி வெடிக்கும். பெற்றோலோடு கலந்து ஊற்றியிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் எஞ்சின் நிற்காமல் அரைப்பட்டினியோடு ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கிற எஞ்சின் தப்பிவிடும். அரைப்பட்டினியில் முழுத் த்ரொட்டிலில் பத்துக் கிலோமீற்றர் போன எஞ்சின்தான் பிஸ்டன் தலையில் ஓட்டையோடு வரும்.

ஒட்சிசன் சேர்த்த றேஸ் பெற்றோல் என்று ஒரு வகை உண்டு. மணம் கிட்டத்தட்டப் பெற்றோல்தான், ஆனால் அதற்கும் ஜெட் பெருக்க வேண்டும். அதை ஊற்றியவர் 'இது பெற்றோல்தானே' என்று சாதிப்பார். அந்த இடத்தில் பிளக்கின் வெள்ளை நிறத்தை நம்புங்கள், அவரை அல்ல.

"அப்ப மெயின் ஜெட்டைப் பெருப்பிச்சாச் சரிதானே?" இதைக் கேட்காத ஆள் இல்லை. ஜெட் மட்டும் பெருத்தால் போதாது. நீடில், ஃப்ளோட் வால்வ், டப்பின் துளை, டாங்கி மூடியின் காற்றுத் துவாரம் எல்லாம் இரட்டிப்பு எண்ணெயை விட வேண்டும். தீப்பொறி விழும் நேரமும் மாற வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தால் அந்த பைக் செட்டில் அடிக்கும் பெற்றோலில் ஓடாது, கரி கக்கி நிற்கும். ஒரு லீற்றர் மெதனோலில் இருப்பது ஒரு லீற்றர் பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய பாதி. ஒட்டுசுட்டானில் எண்ணெய் தீர்ந்தால் மெதனோலுக்கு எங்கே போவது? ஸ்பீட்வே பந்தயத்தில் 500 சிசி பைக்குகள் மெதனோலில்தான் ஓடுகின்றன. அந்த பைக்குகளுக்குப் பிறேக்கே கிடையாது. அவற்றைப் பார்த்து எண்ணெயை மட்டும் கடன் வாங்குவது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இன்ஜெக்டர் வைத்த பைக்கில் ஒட்சிசன் சென்சர் பட்டினியை உணர்ந்து கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். அந்தக் 'கொஞ்சம்' ஒரு எல்லைவரைதான். பிறகு மஞ்சள் விளக்கு எரியும். விளக்கை அழிக்கும் கருவியோடு ஓடிவராதீர்கள், முதலில் தண்ணீர்ச் சோதனை.

"காபரேற்றர் வழியுது, கழுவினாத் திருப்பியும் வழியுது"

அந்தத் தம்பியின் காபரேற்றரைக் கவிழ்த்து ஃப்ளோட் பெட்டியைக் கழற்றினேன். அடியில் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளைப் படிவு. நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது, கீழே உலோகம் அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக இருந்தது. ஜெட்டின் வாயில் பாகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ஓ ரிங்கை எடுத்து அதன் பள்ளத்தில் திருப்பி வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. ஊறின கடலைபோல ஊதிவிட்டது. அவன் ஊற்றி மூன்று கிழமைதான்.

மெதனோல் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்னும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேரச் சேரத் தின்னும் வேகம் கூடும். மாரியில் நமது காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரும்பு டாங்கியின் அடியில் அந்தத் தண்ணீர் தங்கித் துருவை உண்டாக்கும். றேஸ்காரர் ஓட்டம் முடிந்ததும் மெதனோலை வடித்துப் பெற்றோல் விட்டுக் கழுவி வைக்கிறார்கள். நம்மவர்கள் டாங்கியில் விட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள்.

படிவைப் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், ஜெட்டுக்குள் கம்பி விடவேண்டாம், துளை பெருத்துவிடும். குழி ஆழமாக இருந்தால் ஃப்ளோட் பெட்டியை மாற்றுவதுதான் வழி. றப்பர்ச் சாமான் எல்லாம் புதிது: ஓ ரிங், ஃப்ளோட் நீடில், டப்பின் வாஷர், ரியூப். ஊதின றப்பர் வெயிலில் காய்ந்ததும் பழைய அளவுக்கு வந்ததுபோலத் தெரியும். அதை நம்பிப் போட்டால் வெடித்து ஒழுகும், சூடான சைலன்சருக்கு மேல்.

தின்னர், அசெற்றோன் ஊற்றியவர்களுக்கும் இதே கதை. அதோடு டாங்கி வாயைச் சுற்றிப் பெயின்ற் உரிந்திருக்கும், அதுவே சாட்சி.

"ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருக்குது"

எரியாமல் போன மெதனோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். ஒயில் வெளுத்து நுரைக்கும். காரில் என்றால் எஞ்சினுக்கு மட்டும்தான் ஆபத்து. நமது பைக்குகளில் பெரும்பாலும் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் ஒரே ஒயில்தான், மூன்றும் சேர்ந்து கெடும். ஒயிலை வடித்துப் புதிது விட்டு, பெற்றோலில் கொஞ்ச நேரம் சூடாகும்வரை ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி விடுங்கள். இரண்டாவது ஒயிலுக்குக் காசு கொடுக்க மனமில்லாதவருக்கு முதலாவதும் வீண்.

"பிளக் செங்கல் நிறமா வருது"

ஒக்டேன் பூஸ்டர். சில போத்தல்களில் இரும்புச் சேர்வை, சிலவற்றில் மங்கனீசுச் சேர்வை இருக்கும். எரிந்ததும் பிளக்கின் பீங்கானில் செம்மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ படியும். இரும்புப் படிவு மின்சாரத்தைக் கடத்தும். தீப்பொறி இடைவெளியில் பாயாமல் படிவு வழியே கசிந்து போய்விடும். வேகமாகப் போகும்போது மட்டும் இடையிடையே விக்கும்.

ஒரு எச்சரிக்கை. நமது கிரவல் றோட்டுப் புழுதியும் இதே நிறம்தான். எயார் ஃபில்டர் கிழிந்த பைக்கிலும் செம்மை தெரியலாம். புழுதி பிளக்கின் வெளிப்பக்கத்தில் இருக்கும், துணியால் துடைத்தால் போகும். பூஸ்டர்ப் படிவு உள்மூக்கில் வெந்து பிடித்திருக்கும், துணிக்கு அசையாது. பிளக்கை மாற்றி, ஒரு டாங்கி நல்ல பெற்றோல் ஓடிவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் அதோடு சரி. போத்தலில் எழுதிய அளவைவிட இரண்டு மடங்கு ஊற்றுவதுதான் இந்தப் பிழையின் தாய்.

அந்துப்பூச்சிக்கு வைக்கும் வெள்ளை உருண்டையைப் பெற்றோலில் கரைத்து ஊற்றும் பழைய கைமருந்து ஒன்றும் இன்னும் உலாவுகிறது. இப்போது கடையில் வரும் உருண்டைகள் சிலவற்றில் குளோரீன் சேர்ந்த பொருள் இருக்கிறது. அது எரிந்தால் அமிலம். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

"மஞ்சள் விளக்கு அணையுதில்லை, மேல் வேகமும் போட்டுது"

பிளக்கில் மஞ்சள் மினுக்கம், அல்லது சாம்பல் நிறத்தில் குண்டூசித் தலை அளவு மணிகள். இது ஈயம். சிறு விமானங்களுக்கான நீலப் பெற்றோலில் லீற்றருக்கு 0.56 கிராம்வரை ஈயம் இருக்கலாம், பழைய வகை றேஸ் பெற்றோல் சிலவற்றிலும் உண்டு. ஈயம் சேர்ந்தால் எஞ்சின் தட்டாது என்பதை 1921 இல் தோமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். உலகம் அதைக் கைவிட நூறு வருடம் எடுத்தது, கடைசியாக விட்ட நாடு அல்ஜீரியா, 2021 இல். இலங்கையில் 2002 இல் நின்றுபோனது. போரில் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்த அதே வருடம்.

ஒட்சிசன் சென்சரிலும் சைலன்சருக்குள் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டரிலும் ஈயம் படிந்தால் கழுவி எடுக்க வழியில்லை. இரண்டையும் மாற்றத்தான் வேண்டும், அது சின்னக் காசில்லை. பழைய காபரேற்றர் பைக்கில் இவை இரண்டும் இல்லாவிட்டால் எஞ்சின் தப்பிவிடும். ஆனால் அந்தப் புகை உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது, குழந்தைகளின் மூளைக்கு ஈயம் கூடாது.

"பிளேன் எண்ணெய் ஊத்தினதிலயிருந்து டக்டக்கெண்டு தட்டுது"

சிரிக்கக்கூடாது, ஆனால் சிரிப்பு வரும். பெரிய விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் ஏ1 மண்ணெண்ணெயின் உடன்பிறப்பு. அதன் ஒக்டேன், அதாவது நேரத்துக்கு முன்னர் வெடிக்காமல் அமுக்கத்தைத் தாங்கும் அளவு, மிகக் குறைவு. பெயரைக் கேட்டு ஏமாந்து றேஸ் விலை கொடுத்து மண்ணெண்ணெய் வாங்கியிருக்கிறான் பெடியன்.

வன்னியில் இதைக் கிழவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் இங்கே ஓடியதே மண்ணெண்ணெயில்தான். பெற்றோலை மருந்துபோலச் சின்னப் போத்தலில் வைத்து, சில சொட்டு காபரேற்றரில் விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. அது கட்டாயத்தில் செய்த வித்தை. அப்போதும் ஒயில் கெட்டது, றிங் தேய்ந்தது, அடிக்கடி பிரித்துத்தான் ஓட்டினார்கள். இப்போதைய பைக்குகளில் அமுக்க விகிதம் ஒன்பதுக்கு மேல். அதில் மண்ணெண்ணெய் விட்டு முறுக்கினால் நேரத்துக்கு முன்னரே வெடிக்கும், தட்டும், பிஸ்டன் ஓரம் அரிபடும். கடதாசிச் சோதனையில் கறை விழும். வடித்துக் கழுவி ஒயில் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்கும், நெடுந்தூரம் ஓடியிருக்காவிட்டால்.

"ஒரு அடி அடிச்சுது, அதோட நிண்டிட்டுது"

மொடல் விமான, மொடல் கார் எஞ்சினுக்கு வரும் சின்னப் போத்தல் எண்ணெய்: மெதனோல், நைத்திரோமெதேன், ஆமணக்கெண்ணெய் அல்லது அதுபோன்ற ஒயில். நைத்திரோமெதேன் தன் ஒட்சிசனைத் தானே சுமந்து வரும். அமெரிக்காவின் டொப் ஃபியூல் டிராக் பந்தயத்தில் 90 வீதம்வரை அதுதான் ஊற்றுகிறார்கள். நாலு செக்கனுக்கும் குறைவான ஓட்டம், 1000 அடி, ஓடி முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துத் திரும்பப் பூட்டுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும். 1958 இல் அங்கே நைத்திரோமெதேன் ஏற்றிய புகையிரதக் கொள்கலன்களே வெடித்திருக்கின்றன.

இந்தக் குணங்குறிக்கு கராச்சில் வைத்தியமில்லை. கிக் அடிக்காமல் பிளக்கைக் கழற்றி, கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கொன்றொட் வளைந்திருக்கும்.

"ஒரு பிழையுமில்லை, ஆனா பவரும் கூடேல்லை"

இவர்தான் அதிர்ஷ்டசாலி. ஈயமில்லாத, ஒக்டேன் கூடிய நல்ல றேஸ் பெற்றோல் வாங்கி ஊற்றியிருக்கிறார். ஒக்டேன் என்பது சக்தியின் அளவல்ல, நேரத்துக்கு முன்னர் வெடிக்காமல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதன் அளவு. அமுக்கம் கூடிய எஞ்சினுக்கு அது தேவை. 92 இல் தட்டாமல் ஓடும் பைக்குக்கு 95 ஊற்றினாலே பெரிதாக ஒன்றும் கிடைக்காது, 110 ஊற்றி என்ன கிடைக்கும்? 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி பைக்குக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் வாங்க வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள். அந்தக் காசுக்கு நல்ல செயினும் பின் ரயரும் போடலாம் என்று சொல்லி அனுப்புவேன். கேட்பார்களா தெரியாது.

ஆளுக்கு வரும் குணங்குறி

எஞ்சினுக்கு வருவதைவிட இது பெரிது.

மெதனோல் தண்ணீர்போல நிறமில்லாதது. 10 மில்லி உள்ளே போனால் கண் போகலாம், 30 மில்லியில் உயிர் போகலாம். ரியூப்பை வாயில் வைத்து உறிஞ்சி எடுப்பது நமது ஊரில் சின்ன வயதிலேயே பழகும் வித்தை. பெற்றோல் வாய்க்குள் போனால் துப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம். மெதனோலில் அந்த ஒரு வாய் போதும். தோலாலும் உள்ளே போகும், ஆகவே அதில் கை கழுவுவது, சாமான் கழுவுவது கூடாது.

விழுங்கினவருக்கு உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் மோசம். வெறிபோல இருந்து தெளிந்துவிடும். பல மணி நேரம் கழித்து, சிலருக்கு அடுத்த நாள், தலையிடி, சத்தி, வயிற்றுவலி, பிறகு கண் பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல மங்கும். கண் மங்கும்வரை காத்திருக்கக்கூடாது. விழுங்கியது தெரிந்தவுடனேயே 1990 க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள், அல்லது கிட்டவுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 'மெதனோல்' என்ற பெயரைச் சொல்லுங்கள், போத்தலையும் கொண்டுபோங்கள். அதற்கு முறிவு மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கொடுத்தால்தான் வேலை செய்யும். சாராயம் கொடுத்து முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்பிவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

அடுத்தது தீ. 1964 இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் பெற்றோல் தீயில் எடி சாக்ஸ், டேவ் மக்டொனால்ட் என்ற இரண்டு ஓட்டுநர்கள் இறந்தார்கள். அடுத்த வருடமே மெதனோலுக்கு மாறினார்கள். அதன் தீயைத் தண்ணீரால் அணைக்கலாம் என்பது ஒரு காரணம். ஆனால் மெதனோல் பகலில் எரிந்தால் சுவாலை தெரியாது. 1981 இல் அதே திடலில் எண்ணெய் நிரப்பும்போது ரிக் மியர்ஸுக்கு முகத்தில் தீப்பற்றியது. சுற்றி நின்றவர்களுக்கு அவர் ஏன் துள்ளுகிறார் என்றே விளங்கவில்லை. நடுப்பகல் வெயிலில் கராச் முற்றத்தில் இது நடந்தால் சூட்டை உணர்ந்த பிறகுதான் தெரியும். மெதனோல் வடிக்கும்போது ஒரு வாளி தண்ணீரும், பெற்றோலும் கலந்திருந்தால் தூள் அணைப்பானோ ஒரு பெட்டி மணலோ பக்கத்தில் இருக்கட்டும். பீடி வேண்டாம்.

வடித்துக் கழுவும் முறை

திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்து வடியுங்கள், அடியில் தங்குவதுதான் கெட்டது. ஒரு லீற்றர் நல்ல பெற்றோல் விட்டுக் குலுக்கி வடித்து, அந்தப் பெற்றோலையே தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். அடித்தட்டு 10 இல் நிற்கும்வரை கழுவ வேண்டும். டப், ரியூப், ஃபில்டர், ஃப்ளோட் பெட்டி எல்லாம் அதே மாதிரி. இன்ஜெக்டர் பைக்கில் பம்ப் டாங்கிக்குள் இருக்கும், அதன் வலையையும் ரியூப்பையும் பார்க்காமல் மூடாதீர்கள்.

வடித்ததைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். இறுக்கி மூடும் தடித்த பிளாஸ்டிக் கானில் விட்டு, பெயரை எழுதி ஒட்டி, தந்தவனிடமே திருப்பிக் கொடுங்கள். நம்மூரில் றோட்டோரம் பெற்றோலே தண்ணீர்ப் போத்தலில்தான் விற்கிறது, அந்தப் பழக்கம் இந்த எண்ணெய்க்குக் கூடாது.

புது ஒயில், புது பிளக், செட்டில் அடித்த 92. மெதுவாக இருபது கிலோமீற்றர் ஓடி வந்து பிளக்கைக் கழற்றுங்கள். சாயத் தேத்தண்ணி நிறத்துக்குக் கிட்ட வந்தால் சரி. வெள்ளையாகவே இருந்தால் ஜெட்டில் இன்னும் அடைப்பு இருக்கிறது, காபரேற்றரைத் திரும்பக் கழற்றுங்கள்.

அந்தத் தம்பியின் பைக்குக்கு ஃப்ளோட் பெட்டி, றப்பர்ச் சாமான், இரண்டு தரம் ஒயில் போனது. பிஸ்டன் தப்பிவிட்டது. மூன்றாம் நாள் காசைத் தந்துவிட்டு ஹெல்மெற்றைப் போட்டவன் திரும்பிக் கேட்டான்:

"அண்ணை, மிச்சம் ஒரு லீற்றர் வீட்டில கிடக்குது. என்ன செய்ய?"

"எதுக்குள்ள வைச்சிருக்கிறாய்?"

"தண்ணிப் போத்தலுக்குள்ள. குசினியில."

கராச்சைப் பூட்டிவிட்டு அவன் பின்னால் ஏறினேன்.